பொரிப்பகம்

வேலாந்துறையில் நடந்த எல்லாவற்றுக்கும் போர்டு எழுதுகிற சுடலைமணிதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. முட்டையை உடைத்துக்கொண்டு குஞ்சு வந்தாலும் பொரிப்பு, எண்ணெயில் உப்பிக்கொண்டு வடை வந்தாலும் பொரிப்பு என்று ஒரே சொல்லை இரண்டு அடுப்பில் ஏற்றி வைத்த தமிழை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ‘மீன்குஞ்சு பொரிப்பகம், வேலாந்துறை’ என்று நீலத்தில் எழுதிய தகரப் போர்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவன் டவுனிலிருந்து வந்த அன்றைக்கு, போர்டு மாட்ட வேண்டிய கொட்டகை பூட்டிக் கிடந்தது, மகளிர் குழுக்காரிகள் எல்லாரும் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள், ஆகவே அவன் வலை பொத்திக்கொண்டிருந்த ஆட்களிடம் “அண்ணே, இங்க பொரிக்கிற இடம் எது?” என்று கேட்டான், அவர்களும் ஊசியைக் கீழே வைக்காமல் கித்தேரியம்மாளின் வடைக் கடையைக் கை காட்டினார்கள். அவன் ஆணி அடித்தான், இரண்டு பருப்பு வடை தின்றான், தண்ணீர் குடித்தான், போய்விட்டான்.

கித்தேரிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சாயங்கால வெயில் கண்ணில் குத்தாமல் மறைக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கொட்டகையிலும் யாரும் எதையும் பொரிக்கவில்லை. பொரிக்கிற வேலையைக் கடல் பார்த்துக்கொண்டது. கித்தேரியின் புருஷன் பங்கிராஸ், நிலா இல்லாத நாட்களில் பொழுது சாயும்போது விளக்கு வைத்த கூண்டுகளைச் செவந்திப் பாருக்கு வெளியே மிதக்க விட்டு, விடிந்ததும் போய் எடுப்பான். பார் என்றால் கடலுக்கு அடியில் பவளம் கட்டிய மேடு, மீன்களுக்கு அதுதான் ஊரும் தெருவும். எங்கோ வேறொரு பாரில் பிறந்து, நடுக்கடலில் அலைந்து, குடியிருக்க இடம் தேடிப் பாருக்கு வருகிற குஞ்சுகள் அந்தக் கூண்டில் ஏறும்; நகத்தளவுதான் இருக்கும், நிறம் கிடையாது, கண்ணாடி, இரண்டு கறுப்புக் கண் மட்டும் தண்ணீரில் நடமாடும். பாரில் இறங்கிய இரண்டு நாளில் நூற்றில் தொண்ணூறு பெரிய மீன் வயிற்றுக்குப் போய்விடும், அதனால் இறங்கும் முன்னால் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் பாருக்குக் குறைவில்லை. குழுக்காரிகள் அவற்றைத் தொட்டியில் விட்டு, நிறம் வந்து, பயம் தெரிந்து, ஒளியக் கற்றுக்கொள்ளும் வரை வளர்ப்பார்கள். பிறகு நூற்றுக்குப் பத்தைப் பங்கிராஸ் கொண்டுபோய்ப் பாரிலேயே விட்டுவிட வேண்டும், மிச்சத்தைச் சென்னை வியாபாரி சபாபதி, வீடுகளில் வைக்கிற கண்ணாடித் தொட்டிகளுக்கென்று வாங்கிக்கொள்வார். இதுதான் விதி.

பத்து ஒன்பதாகிவிட்டால் பங்கிராஸ் சண்டைக்கு நிற்பான். அவன் பதினெட்டு வருஷம் சங்கு குளித்தவன், நடுவில் இரண்டு வருஷம் கடப்பாரையால் பவளத்தை உடைத்து, பொந்தில் மருந்து பீச்சி, மயங்கி வெளியே வந்த வண்ண மீன்களை அள்ளி விற்றவன். அந்தப் பாவத்தை இப்போது கழிக்கிறேன் என்று அவன் வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் கித்தேரிக்குத் தெரியும். ஆழம் அவன் இரண்டு காதையும் கிழித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது, அவன் பேசினால் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

போர்டு மாட்டிய மூன்றாம் நாள், பங்குனி மாதம், கொண்டல் காற்று ஈரத்தோடு வீசிக்கொண்டிருந்தது. கோயிலில் விடியல் செபத்துக்குத் திருந்தாதி மணி அடித்த கையோடு கித்தேரி முதல் ஈடு வடையை எண்ணெயில் போட்டாள், அது சடசடவென்று பொரிய ஆரம்பித்ததுமே, கடற்கரையிலிருந்து மணலுக்கு மேலாக முழங்கால் உயரத்தில் கறுப்புப் புள்ளிகள் ஜோடி ஜோடியாக வந்தன, கொசு என்று நினைத்து அவள் முந்தானையை வீசினாள், வீசிய முந்தானையைச் சுற்றிக்கொண்டு அவை உள்ளே வந்தன, ஒன்று ஈரமாக அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தாள். “அடி மாதாவே, நீங்களா!” என்றாள், சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கிய சொந்தக்காரரைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. பிறகு வடை கருகிவிடுமே என்று திருப்பிப் போட்டாள்.

அடுப்பில் சத்தம் இருந்தவரை குஞ்சுகள் காற்றில் நீந்தின. சத்தம் நின்றதும் எந்தத் தண்ணீர் பக்கத்தில் இருந்ததோ அதில் இறங்கின, உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று பேதம் பார்க்கவில்லை. பருப்பு ஊறிய சட்டியில் இறங்கின, தம்ளர் கழுவுகிற வாளியில் இறங்கின, டீத்தண்ணிக்கு வைத்திருந்த குடத்தில் இறங்கின. மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் நிறம் ஏறிவிட்டது, மஞ்சளில் கறுப்புக் கோடும், நீலத்தில் மஞ்சள் வாலும், செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டையுமாக வடைக் கடை திருவிழா வளையல் கடையாகிவிட்டது. மறுநாள் இரண்டு மடங்கு வந்தது. அதற்கு மறுநாள் கணக்கில்லை.

போர்டை நம்பித்தான் வந்தன என்று பாதி ஊர் சொன்னது. மீனுக்குப் படிக்கத் தெரியுமா என்று மிச்சப் பாதி கேட்டது. “ஏன், உன் மவனுக்கு மட்டும் தெரியுமாக்கும்?” என்று முதல் பாதி திருப்பிக் கேட்டது. இதற்கு மேல் யாரும் காரணத்தைத் தோண்டவில்லை, செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது.

குழுத் தலைவி செலஸ்தி, பங்கிராஸின் அக்காள், விவரமானவள். கடுகு தாளித்தாலும் வருகின்றன என்று முதலில் கண்டுபிடித்தது அவள்தான். பிறகு கேட்க வேண்டுமா? ஒவ்வொரு வீட்டிலும் விடியும் முன்னே தாளிப்புச் சத்தம் கேட்டது, ரசத்துக்கு ஒரு தரம், வெறும் சோற்றுக்கு ஒரு தரம், தாளிக்க ஒன்றுமில்லாதவர்கள் வெறும் எண்ணெயில் கடுகைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கடைகளில் கடுகு கிடைக்காமல் போயிற்று, குஞ்சுகள் தெருத் தெருவாகப் பிரிந்து வீடு வீடாக ஏறி, அண்டாவிலும் செம்பிலும் மாவரைக்கிற ஆட்டுரல் குழியிலும் குடியிருந்து நிறம் மாறின. பூனைகள் மூன்று நாள் பாய்ந்து பாய்ந்து களைத்துப்போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டன. மீன் பொரிப்பதை ஊரே நிறுத்திவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் அவர்கள் சொந்தக்காரரைச் சட்டியில் போடுவது நன்றாகவா இருக்கும் என்று கூச்சமாக இருந்தது, ஆகவே குழம்பு மட்டும் வைத்தார்கள், அதையும் மூடி வைத்துச் சாப்பிட்டார்கள்.

கோயிலில் தீர்த்தத் தொட்டிக்குள் ஒரு கோமாளி மீன் குடியேறி, சிலுவை போட விரல் நனைக்க வந்தவர்களையெல்லாம் கடித்து விரட்டியது. பங்குச் சாமியார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் வேறொரு கிண்ணத்தில் தீர்த்தம் வைத்துவிட்டு, “அது இடம் பிடிச்சிட்டு, இனி என்ன செய்ய?” என்று பிரசங்கத்தில் அறிவித்துவிட்டார். மீன்வளத் துறை அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தவரும் வடைக் கடைக்கே நேராக வந்தார், போர்டைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், ‘பொரிப்பகம் சிறப்பாக இயங்குகிறது’ என்று எழுதிக்கொண்டார், நான்கு வடை பார்சல் வாங்கிக்கொண்டு போனார்.

சபாபதி வாரத்துக்கு இரண்டு தரம் வேன் எடுத்துக்கொண்டு வந்தார். “அம்மா, இது கடை இல்லம்மா, தங்கச் சுரங்கம்!” என்று கித்தேரியைப் பார்த்துக் கும்பிட்டார். டவுனிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பத்து வடை தின்ன வேண்டிய இடத்தில் இருபது தின்றார்கள். கித்தேரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இருபது வருஷம் அடுத்தவர் கருவாட்டைக் காய வைத்துக் கை வெடித்தவள் அவள். இப்போதுதான் அவள் கடையைத் தேடி ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள்.

பங்கிராஸின் கூண்டுகள் மட்டும் காலியாக வந்தன.

“ஒண்ணுகூட இல்லட்டி!” என்று அவன் கரையிலிருந்தே கத்துவான், ஊர் முழுக்கக் கேட்கும். விளக்கை மாற்றினான், கயிற்றை மாற்றினான், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரி, வீட்டில் வளர்ந்த மீனிலாவது பாருக்குப் பத்தைக் கொடு என்று செலஸ்தியிடம் போய் நின்றான்.

“பிடிச்ச மீனுக்குத்தாம்ல பத்து” என்றாள் செலஸ்தி. அக்காவின் உதடு அசைவதை வைத்தே அவன் புரிந்துகொள்வான். “தானா நடந்து வந்ததுக்கு ஏது விதி? வீட்டுக்கு வந்தவங்களக் கொண்டுபோய்க் கடல்ல தள்ளவா சொல்லுத?”

கேட்டுக்கொண்டு நின்ற எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. பங்கிராஸ் அன்றைக்கு எதிர்த்துக் கத்தவில்லை. மீன் கொண்டுபோகிற கேனில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பாருக்குப் போய்விட்டு வந்தான், அடுத்த நாளும் அப்படியே போனான். வெறும் கேனோடு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவனைக் கித்தேரி மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் கடையைச் சாத்திவிட்டு அவளும் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

செவந்திப் பாருக்கு மேலே தண்ணீர் பச்சையாக, தெளிவாக, அசையாமல் கிடந்தது. போன வருஷக் கத்திரி வெயிலில் கடல் சுட்டு, பவளம் வெளுத்துப் போனதை எல்லாரும் கேள்விப்பட்டுத்தான் இருந்தார்கள். ஆனால் கித்தேரி எட்டிப் பார்த்தபோது ஒரு மீன் வால்கூட ஆடவில்லை. அவளுடைய அப்பா கத்தாளை மீன் கத்துகிறதா என்று துடுப்பைத் தண்ணீரில் விட்டுப் பிடியில் காதை வைத்துக் கேட்பார். அந்த ஞாபகத்தில் அவளும் துடுப்பை இறக்கிக் காதை வைத்தாள். வள்ளத்தின் பக்கவாட்டில் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்டது, வேறு எதுவும் இல்லை.

வாயைப் பெரிதாக அசைத்து, காதைத் தொட்டு, கீழே காட்டிக் கேட்டாள். “பார் எப்பிடிச் சத்தம் போடும்?”

“ஏன் கேக்க?” என்று அவன் கத்தினான். “உன் எண்ணெய்ச் சட்டி மாதிரிதான். உசுரோட இருக்கிற பார் சடசடன்னு பொரியும், பத்து பாகம் ஆழத்துல இருந்துகிட்டு நாங்க அதக் கேட்டுத்தான் வழி கண்டுபிடிப்போம். குஞ்சும் அதக் கேட்டுத்தான வரும்!”

சொல்லி முடித்த பிறகுதான் அவன் சொன்னது அவனுக்கே உறைத்தது. கித்தேரியின் முகத்தைப் பார்த்தான். அவள் தன் வாயைக் கையால் பொத்தி, கீழே காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினாள். பதினோரு வருஷமாக உலகமே அவனுக்கு ஊமையாக இருந்ததால் பாரும் ஊமையானது அவனுக்குத் தெரியாமலே போய்விட்டது. அவன் கேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தான் உடைத்த இடத்தில் தானே ஒவ்வொரு பத்தாகக் கொண்டுவந்து விட்டதெல்லாம் வீணாயிற்று என்று நினைக்கிறான் என்பது அவளுக்கு விளங்கியது, அவளுக்கும் அழுகை வந்தது.

கரைக்கு வந்ததும் நேரே செலஸ்தியிடம் போனாள்.

“மயினி, அதுக என்னத் தேடி வரல. பார்னு நெனச்சு ஏமாந்து வந்திருக்கு. அங்க சத்தம் இல்ல, இங்க இருக்கு, அவ்வளவுதான்.”

“அதுக்கு?”

“என் சட்டியக் கொண்டுபோய் அங்க பொரிக்கப் போறேன்.”

செலஸ்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? தேடி வந்த சீதேவியக் காலால உதைக்கியே!”

“இந்தப் பங்குனியில குடியேறாட்டி அந்தப் பார் வெறுங்கல்லாப் போயிரும் மயினி. இந்தப் பாருல போடுற முட்டை வேற பாருக்குக் குஞ்சாப் போவுது, அங்க போடுறது இங்க வருது. எல்லாத்தையும் சபாபதி வேன்ல ஏத்திட்டு, அடுத்த வருஷம் எதத் தாளிச்சுக் கூப்பிடுவ?”

செலஸ்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் கோயிலில் பூசை முடிந்ததும் அவளே எழுந்து நின்று, “நாளைக்கு விடியல்ல யாரும் அடுப்பு பத்த வைக்கக் கூடாது, எவ வீட்டுலயாவது கடுகு வெடிச்சா எங்கிட்ட வந்து பதில் சொல்லணும்” என்றாள். தபசுக் காலந்தானே, தாளிப்புக்கு ஒருசந்தி, ஒரு நாள் நோன்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சாமியாரும் சொல்லிவைத்தார்.

மறுநாள் விடியலில் வேலாந்துறையில் ஒரு சட்டி சத்தம் போடவில்லை. வள்ளத்தின் நடுவே மணல் பரப்பி, சின்ன சிலிண்டர் அடுப்பை வைத்து, கித்தேரி எண்ணெயைக் காய வைத்து வடையைத் தட்டிப் போட்டாள், பங்கிராஸ் துடுப்பை வலித்தான், அந்த ஒற்றைச் சட்டியின் சடசடப்பைக் கேட்டு அண்டாவிலிருந்தும் செம்பிலிருந்தும் மாவரைக்கிற குழியிலிருந்தும் மீன்கள் ஈரம் சொட்ட எழும்பின, வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வந்தன, தெருவில் ஒன்றுகூடின, இப்போது கண்ணாடி இல்லை, மஞ்சளும் நீலமும் சிவப்புமாக மணலைத் தாண்டி அலைக்கு மேலாக வள்ளத்தின் பின்னால் போயின. ஊர்க்காரர்கள் வாசலில் நின்று கலியாணப் பெண்ணை வழியனுப்புகிற முகத்தோடு பார்த்தார்கள். சபாபதி மட்டும் கால் சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, “ஒரு ஐநூறாவது நிறுத்தும்மா!” என்று கூவினார். தீர்த்தத் தொட்டிக் கோமாளி கடைசியாக வந்தான், வழியில் அவரையும் ஒரு கடி கடித்துவிட்டுப் போனான்.

பாருக்கு மேலே நங்கூரம் போட்டதும் மீன்கள் சொந்தக் கடல் என்று தண்ணீருக்குள் இறங்கின, ஆனால் அடிக்குப் போகவில்லை. வள்ளத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. சத்தம் மேலேதானே இருக்கிறது, அவை ஏன் கீழே போகும்? கித்தேரி அரைப் படி மாவைப் பொரித்துத் தீர்த்தாள், இன்னும் அரைப் படியைத் தீர்த்தாள், வெயில் ஏறியது, மீன்கள் நகரவில்லை. அப்போது தூரத்தில் தண்ணீர் கிழிந்தது. இரை தேடும் சீலா மீன் கூட்டம் வாசனை பிடித்துவிட்டது.

“அணைச்சிராத!” என்று பங்கிராஸ் கத்தினான். “நீ நிறுத்தினா செதறிப் போயிருமட்டி!”

அவன் சொன்னது சரிதான், சிதறும். ஆனால் நிறுத்தாவிட்டால் அவை இங்கேயே திறந்த தண்ணீரில் தொங்கிக்கொண்டு, ஒன்று விடாமல் சீலாவுக்கு இரையாகும். கித்தேரி “சேசுவே” என்று சொல்லிக்கொண்டு சிலிண்டரைத் திருகினாள், கரண்டியைக் கீழே வைத்தாள்.

எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடலே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. மீன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன, சீலாக்கள் பாய்ந்தன, அங்கொன்று இங்கொன்று போயிற்று, கித்தேரியின் கை தானாகச் சிலிண்டர் பக்கம் நீண்டது, அவள் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஒரு நீல மீன் தலைகீழாகத் திரும்பிக் கீழே போனது. அதன் பின்னால் இரண்டு. பிறகு நிறம் நிறமாக, மழை இறங்குகிற மாதிரி, எல்லாம் வெளுத்த பவளத்தின் பொந்துகளுக்குள் போய்விட்டன. சீலாக்கள் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு விலகின.

கித்தேரி துடுப்பை இறக்கிக் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. வெகுநேரம் வைத்திருந்தாள், கழுத்து வலித்தது, ஒன்றுமில்லை. பங்கிராஸ் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். கடையும் போயிற்று, பாரும் போயிற்று என்று அவள் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே பிடியை அவனிடம் கொடுத்தாள். அவன் நங்கூரத்தை இழுக்க எழுந்தான்.

சங்கு குளிக்கிறவனுக்குக் கை இரண்டும் வேலையாக இருந்தால் பல்தான் மூன்றாவது கை. நங்கூரக் கயிற்றுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால், தண்ணீரில் கிடந்த துடுப்பு நழுவிப் போகாமல் அதன் பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு இழுத்தான். இரண்டு பாகம் கயிறு, எட்டு முழம் இழுத்தவன் அப்படியே நின்றான். கயிறு கையிலிருந்து ஓடியது, நங்கூரம் மறுபடி அடியில் போய் விழுந்தது. அவன் குனிந்த நிலையிலேயே மண்டியிட்டு, துடுப்பை இன்னும் ஆழமாகக் கடித்துக்கொண்டான்.

“என்னங்க? என்ன ஆச்சு?” என்று கித்தேரி பதறிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் அவள் தலையைப் பிடித்து இழுத்து, அவள் காதைத் தன் தாடையில் அழுத்தி வைத்தான். முள்ளாகக் குத்திய அந்தத் தாடைக்குள், காதுக்கு எட்டாத ஆழத்திலிருந்து துடுப்பிலும் பல்லிலும் எலும்பிலும் ஏறி வந்து, பாரின் ஒரு கடுகு வெடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து.

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது. இருவரும் அப்படியே கிடந்தார்கள், வெயில் உச்சிக்கு வந்தது, கரையில் செலஸ்தி முந்தானையை வீசிக் கூப்பிடுவது சின்னதாகத் தெரிந்தது. போகலாமா என்று கித்தேரி கரையைக் காட்டினாள். பங்கிராஸ் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். வாயில் துடுப்பு இருந்ததால் அவனால் பேச முடியவில்லை.